சிதம்பரத்தில் கப்பல் பார்த்தவர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தேன். மருந்துக் கம்பெனி ரெப்புகள் தினமும் நாலைந்து பேராவது வருவார்கள். நோயாளிகள் எல்லாரும் போன பிறகுதான் டாக்டர் அவர்களைக் கூப்பிடுவார். அதுவரை தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தில் டையோடு வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இன்னும் எத்தனை பேர் மேடம்?" அவர்களில் ஒருவர் மட்டும் வந்த முதல் நாளே வேறு கேள்வி கேட்டார்.

"மேடம், ஒங்க மாடி ஓரத்துல ஒரு மீனு வாயத் தொறந்துகினு இருக்குதே, மழை பேஞ்சா அது தண்ணி துப்புமா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். "இங்க மீனும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒக்காருங்க சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அது 2004. அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், குடையோடு ரோட்டைக் கடந்தபோது ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தேன். மொட்டை மாடித் தண்ணீர் விழுகிற குழாயின் வாய், சிமெண்டில் செய்த மீன். செதில் தேய்ந்து, ஒரு கண் உதிர்ந்து, கன்னம் புடைக்கத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. பல வருஷமாக அதன் கீழேதான் செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டரிடம் சொன்னேன். அந்தக் கட்டடம் அவருடைய அப்பா கட்டியது. ஸ்டெதஸ்கோப்போடு வெளியே வந்து நனைந்துகொண்டே பார்த்தவர், "அட" என்றார். அதற்குப் பிறகு, "அந்த மீன்காரர் வந்தா முதல்ல அனுப்பும்மா" என்று சொல்லிவிட்டார். மற்ற ரெப்புகளுக்கு வயிற்றெரிச்சல்.

அவருக்கு அப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். என்னைவிட நாலு வயது சின்னவர். சீக்கிரமே 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் அவருடைய ஏரியா. பைக்கில் அலைகிற அந்தப் பாதையெல்லாம் அவர் கண் கடைப் பலகைக்கு மேலேயே இருக்கும். கடலூர்க்காரர்கள் நாங்கள் தரையில் பள்ளம் பார்த்து நடந்தோம். அவர் மேலே பார்த்துப் பள்ளத்தில் விழுந்தார். இரண்டு தடவை விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்ததற்கு நானே டிஞ்சர் போட்டிருக்கிறேன். டிஞ்சர் எரிகிற எரிச்சலிலும், "முதுநகர்ல ஒரு வீட்டு கேட்டுலக்கா, பூரா கம்பியிலயே நங்கூரம் வளைச்சிருக்கான்" என்பார்.

கப்பல், நங்கூரம், சங்கு, மீன், சுக்கான், கலங்கரை விளக்கம். கட்டடத்திலோ தெருவிலோ கடல் சம்பந்தமாக ஏதாவது ஒன்று செய்து வைத்திருந்தால் அது அவர் கண்ணுக்குத் தப்பாது. நான் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டதெல்லாம் முதுநகர். என் தெருமுனையிலேயே, உப்பு மண்டியாக இருந்த பழைய கட்டடத்தின் நெற்றியில் பாய் விரித்த கப்பல் இருப்பதை அவர் சொல்லித்தான் பார்த்தேன். பரங்கிப்பேட்டையில் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பாய், தன் வீட்டு கேட்டில் நிஜமான கப்பல் சுக்கானையே பொருத்தியிருந்தாராம். அதைச் சுற்றினால்தான் கேட் திறக்குமாம். "சுத்திப் பாக்கட்டுமா பாய்னு கேட்டேன். அதுக்கென்ன தம்பி, சுத்திகிட்டே உள்ள வந்துடுங்கன்னாரு. டீ குடிச்சிட்டு, வெளிய வரும்போது இன்னொரு வாட்டி சுத்துனேன்" என்றார். ஒரு குழந்தை சொல்கிற மாதிரி இருக்கும் அவர் சொல்வது.

சிதம்பரத்தில் ஒருமுறை அடி வாங்க இருந்தார். மேல வீதிப் பக்கம் ஒரு பழைய மாடி வீடு. எதிர்ச்சாரியில் மெடிக்கல் ஷாப்பின் நிழலில் நின்று அந்த மாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மாடியில் ஒரு பெண் புடவை உலர்த்திக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. வீட்டிலிருந்து இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

"யாரைடா பாக்கறே?"

"கப்பலைப் பாக்கறேங்க."

"சிதம்பரத்துல எங்கடா கப்பலு?"

கையை ஓங்கியாகிவிட்டது. அப்போது அந்த வீட்டுப் பெரியவர் மெதுவாகத் தெருவைக் கடந்து வந்து, இவர் நின்ற இடத்திலேயே நின்று, இவர் காட்டிய திசையில் பார்த்திருக்கிறார். கைப்பிடிச் சுவரில் இரண்டு சிங்கங்களுக்கு நடுவில், பாசி பிடித்த புகைக்கப்பல் ஒன்று. சிங்கத்தை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், நடுவில் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. "எங்க பாட்டனாரு ரங்கூன் போயி சம்பாரிச்சிட்டு வந்து கட்டுன வீடுப்பா இது" என்று பெரியவர் சொன்னாராம். சட்டையைப் பிடித்தவர்களே உள்ளே கூட்டிப்போய் காபி கொடுத்தார்கள்.

"அவுரு அந்த வீட்லயே பொறந்தவருக்கா. எதிர்ச்சாரியில நின்னு தன் வீட்டைப் பாத்ததே இல்லியாம்" என்று இவர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடலோடு அவருக்கு என்ன உறவு என்று ஒரு நாள் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமம், நெல்லும் கரும்பும் போடுகிற வீடு. வெள்ளாற்றில் குளித்து வளர்ந்தவர். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று சின்ன வயதில் கேட்டதற்கு, பரங்கிப்பேட்டையில் போய்க் கடலில் விழுகிறது என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். அதிலிருந்து கப்பலில் வேலைக்குப் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். காலேஜ் முடித்துப் பரீட்சையும் எழுதித் தேறிவிட்டார். மருத்துவப் பரிசோதனையில் வண்ணப் புள்ளிகள் போட்ட புத்தகத்தைக் காட்டியபோது அதில் ஒளிந்திருந்த எண் அவருக்குத் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத கண். கப்பலுக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள்.

"படகுல கூடப் போனதில்லியா?"

"காலு நனைச்சிருக்கேங்க்கா. அதுக்கு மேல போவல. வேணாம்னு சொல்லிட்டாங்க இல்ல" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னைப் பார்க்கவில்லை.

அந்த டிசம்பரில்தான் கடல் உள்ளே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினத்தில் என் சித்தப்பா வலை உலர்த்தப் போயிருந்தார். சித்தி கரையில் மீன் எடுக்க நின்றிருந்தாள். சித்தப்பா ஒரு தென்னை மரத்தைப் பிடித்துப் பிழைத்தார். சித்தியை மறுநாள்தான் கண்டெடுத்தோம். அடையாளம் காட்டியது நான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

கிளினிக் பல வாரங்கள் முகாமாக இருந்தது. இவர் மற்ற ரெப்புகளிடமிருந்தெல்லாம் சாம்பிள் மருந்துகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொட்டினார். டை இல்லை, பேச்சும் இல்லை. ஊரே குனிந்து நடந்தது, அவரும் குனிந்து நடந்தார். ஒரு ஓட்டல்காரர் வாசலில் வைத்திருந்த கடல்கன்னி பொம்மையைத் தானே உடைத்துப் போட்டதாகக் கேள்விப்பட்டோம். "உடைச்சது சரிதாங்க்கா. இப்ப எதைப் பாத்தாலும் கிண்டல் பண்றாப்ல இருக்குது" என்றார். அதன் பிறகு ரொம்ப காலம் அவர் எதையும் சுட்டிக்காட்டி நான் பார்க்கவில்லை.

சித்தப்பாவுக்கும் அவர் மகள் கலாவுக்கும் 2007இல் புது வீடு கிடைத்தது. சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்த குடியிருப்பு. கெட்டியான காங்கிரீட் வீடுகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் ஒரே அச்சு, ஒரே சந்தன நிறப் பூச்சு, ஒரே கதவு. நிவாரணமாகக் கொடுத்த ஃபைபர் போட் கரையில் கவிழ்ந்து கிடந்தது. சித்தப்பா அதைத் தொடவில்லை. பகலெல்லாம் ஊருக்குள் எங்காவது சுற்றிவிட்டு இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்புவார்.

ஒரு நாள் அந்தி மயங்கியபோது அவர் வீடு மாறிவிட்டார். அடுத்த வரிசையில் மல்லிகா என்பவளின் வீட்டுக்குள் நுழைந்து, கால் கழுவி, கூடத்தில் உட்கார்ந்து, "தனம், தண்ணி குடு" என்று கேட்டிருக்கிறார். தனம் என் சித்தியின் பெயர். தனியாக இருந்த மல்லிகா, யாரோ குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கத்தியிருக்கிறாள். அவள் புருஷன் ஓடிவந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய பிறகுதான் முகம் தெரிந்தது. எல்லாரும் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து சித்தப்பா வீட்டை விட்டு வெளியே வருவதையே விட்டுவிட்டார். பிரஷர் மாத்திரையும் போடுவதில்லை.

கலா கிளினிக்குக்கு வந்து என்னிடம் அழுதபோது இவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்திருக்கிறது. "சனிக்கெழம நானும் வரட்டுமாக்கா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை சித்தப்பாவிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அந்தக் குடியிருப்பின் தெருக்களில் மேலே பார்த்தபடி நடந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அப்படி நடந்தார். முகம் வாடியிருந்தது. "பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியேக்கா. நானே தொலைஞ்சு போயிடுவேன்" என்றார். மல்லிகா வாசலில் நின்றாள். அவளிடம் போய், "ஒங்க வீட்டு நெத்தியில எதுனா ஒரு அடையாளம் வெச்சா என்னாங்க?" என்று கேட்டார்.

மல்லிகா யோசிக்கவே இல்லை. "வைக்கறதுன்னா சுறா வைங்க சார். எங்க வூட்டுக்காரரு சுறா வலைக்காரரு."

முதுநகரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர் இவருக்குச் சிநேகிதம். பழைய தகர டிரம்மை வெட்டி, அடுத்த வாரமே ஒரு சுறா வந்தது. வாய் கொஞ்சம் ஆடு மாதிரி இருந்தாலும் துடுப்பு சரியாக இருந்தது. அதற்கடுத்த வாரம் தெருவே அவரைப் பிடித்துக்கொண்டது. ஒருத்திக்கு நண்டு, ஒருத்திக்குச் சங்கு. அந்தோணியம்மா வீட்டுக்குச் சிலுவை வைத்த படகு. ஓரகத்திகள் இரண்டு பேர் நங்கூரம் எனக்குத்தான் என்று முடியைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். ஒருத்தி வீட்டுக்கு நேராகவும் இன்னொருத்தி வீட்டுக்குச் சாய்வாகவும் நங்கூரம் மாட்டித் தீர்த்துவைத்தார்.

சித்தப்பா வீட்டுக்கு இவரே யோசித்து ஒரு படகு செய்துகொண்டு வந்தார். சித்தப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது மாட்டிவிட்டார். எனக்கும் கலாவுக்கும்கூட அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆணி அடிக்கிற சத்தத்தில் எழுந்து வந்த சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கையாலும் அந்தத் தகரத்தைப் பிய்த்து இழுத்து வீசினார். அது இவருடைய கணுக்காலில் பட்டு ரத்தம் கொட்டியது.

"என் பொண்டாட்டிய முழுங்குனத என் வாசல்லயே கொண்டாந்து மாட்றியா? போடா, போ!"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இவர் நொண்டிக்கொண்டே பைக்கை எடுத்தார். டாக்டர் தையல் போட்டார். அதோடு விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன்.

"மாமா பண்ணது சரிதாங்க்கா. எல்லாரையும் கேட்டேன், அவுர மட்டும் கேக்கல" என்றார். கட்டுப் போட்ட காலோடு மறு சனிக்கிழமையே போய் சித்தப்பாவுக்கு எதிரில் நின்று, "மாமா, தப்பு என்னுதுதான். ஒங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க, எதுவும் வேணாம்னாலும் சரி" என்று கேட்டார். சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இவர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மாத்திரையை வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் போனார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. வயலைப் பற்றிப் பேசுவார், கரும்பு வெட்டு பற்றிப் பேசுவார், பேசாமலும் இருப்பார். சில மாதம் கழித்து சித்தப்பா அவர் கொடுக்கிற மாத்திரையை அவர் கண்ணெதிரிலேயே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

தை மாதத்தில் ஒரு நாள் அவர் கிளம்பும்போது சித்தப்பா வாயைத் திறந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, லைட் அவுஸு செய்ய முடியுமா?"

"முடியும் மாமா."

"ராத்திரி கடல்லேர்ந்து திரும்பறப்ப கண்ணுக்கு மொதல்ல தட்டுப்படறது அதான். அதப் பாத்துட்டா, ஆச்சுடா வூடு வந்துடுச்சின்னு இருக்கும். தனம் அடுப்பு மூட்டிருப்பா." சவுக்குத் தோப்புப் பக்கம் கையை வீசிக் காட்டினார். "கடலு வேணாம் எனக்கு. கரை போதும்."

இவர் தகரத்தில் செய்யவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து, கதவுக்கு மேலே சிமெண்டிலேயே பட்டை பட்டையாக ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பி, உச்சியில் ஒரு சின்ன பல்பு வைத்தார். பட்டைக்குச் சிவப்பு என்று நினைத்துப் பச்சை பெயிண்டை வாங்கி வந்திருந்தார். கலா வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா பார்த்துவிட்டு, "இருக்கட்டும். இந்தக் கரையோரம் பூராத் தேடினாலும் பச்சையில வேற இருக்காது" என்றார். அன்று அந்தி சாய்ந்ததும் அவரே ஸ்விட்சைப் போட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து போய், அங்கிருந்து திரும்பித் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த ஆடி கழிந்து சித்தப்பா கடலுக்குப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. விடிந்து கலா பார்க்கும்போது போட் இருந்த இடத்தில் மணலில் தடம் மட்டும் இருந்தது. இவரிடம் போனில்தான் சொன்னேன். அதற்குள் அவர் மதுரைக்கு மாற்றலாகிப் போய்விட்டிருந்தார்.

2011 கடைசியில் 'தானே' புயல் அடித்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். தை பிறந்ததும் அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். மதுரைப் பெண், கடலையே அப்போதுதான் பார்க்கிறாள். நேரே குடியிருப்புக்குப் போனோம். வீடுகள் அசையாமல் நின்றன. ஆனால் அவர் மாட்டிய தகரமெல்லாம் காற்றில் பறந்துவிட்டிருந்தது. அவர் மனசு கஷ்டப்படுமே என்று நான் பயந்துகொண்டே நடந்தேன்.

மல்லிகா சுவரிலேயே நீலப் பெயிண்டில் ஒரு சுறா வரைந்திருந்தாள். இந்தச் சுறாவுக்கு ஆட்டு வாய் இல்லை. நண்டு வீட்டில் நண்டு இரண்டாகியிருந்தது. சிங்கப்பூருக்கு மகனை அனுப்பிய ஒருத்தி, அவன் ஓட்டுகிற கிரேனையே கம்பியில் வளைத்து மாட்டியிருந்தாள். நங்கூரத்துக்குச் சண்டை போட்ட ஓரகத்திகள் இந்தத் தடவை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய நங்கூரம் எழுதியிருந்தார்கள்.

"இதெல்லாம் யாருக்கா சொல்லிச் செஞ்சது?"

"யாரும் சொல்லல. அவுங்களே செஞ்சதுதான்" என்றேன். அவர் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று நின்று பார்த்தார். அவர் மனைவி இடித்து, "ரோட்டைப் பாத்து நடங்க" என்றாள்.

சித்தப்பா அவரைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை. "ஏன் தம்பி, கப்பலு கப்பலுன்னு ஊரெல்லாம் பாத்தியே, நீ ஒரு வாட்டியாவது கடலுக்குள்ள போயிருக்கியா?"

"இல்ல மாமா. என் கண்ணு அதுக்கு ஆகாதுன்னுட்டாங்க."

"எவன் சொன்னான்? என் போட்டுல கண்ணு நான் பாத்துக்கறேன். காலைல வா."

விடிகாலையில் நானும் கலாவும் அவர் மனைவியும் கரையில் நின்றோம். சித்தப்பாவும் இன்னொருவரும் போட்டைத் தள்ள, இவர் பேண்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு ஏறினார். முதல் அலையிலேயே போட் மூக்கைத் தூக்கியது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அலைகளைத் தாண்டியதும் போட் சின்னப் புள்ளியாகி, பிறகு அதுவும் தெரியாமல் போனது.

வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்தார்கள். போட் மணலில் முட்டியதும் இவர் இறங்கினார் என்று சொல்ல முடியாது, விழுந்தார். போன நேரம் முழுக்க வாந்தி எடுத்திருக்கிறார். முகம் வெளுத்து, சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர். ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கலா பதறி இரண்டு அடி ஓடியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா," என்றாள், "அப்பா சிரிக்கறாருக்கா."

ஏழு வருஷத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கூடப் போனவரும் சிரித்தார்.

"என்னதாங்க பாத்தீக அங்கிட்டு?" என்று அவர் மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"கரையத்தான் பாத்தேன்," என்றார் அவர், குரலே எழும்பாமல். "வீடு வீடா, வரிசையா, என்ன அழகா இருக்குது தெரியுமா." பிறகு எழ முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்து, நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார்.

"மாமா, நாளைக்கும் போலாமா?"

"மொதல்ல எழுந்து நில்லுடா" என்று சித்தப்பா கையை நீட்டினார்.